மாமி கதையாமல் இருந்த மாரி

என் வயதுக்காரர்களில் சிலருக்காவது அந்த மாதிரிக் கோயில் ஒன்றைத் தெரிந்திருக்கும். பூசை நடக்கும், ஆனால் மந்திரம் கேட்காது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டங்கள், அதற்கப்பால் ஒரு பனங்கூடல், அதையும் தாண்டினால் கடல். கடற்கரையில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு மண்டபமும், உள்ளே ஒரு வேலும், வாசலில் ஒரு மணியுமாக முருகன் கோயில் இருந்தது. அங்கே பிராமணக் குருக்கள் கிடையாது. கடலோடிக் குடும்பம் ஒன்றுதான் பரம்பரையாகப் பூசை செய்துவந்தது. பூசாரியார் தோய்ந்துவிட்டு ஈர வேட்டியோடு வருவார். ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வாயை மூடிப் பின்கழுத்தில் முடிச்சுப் போடுவார். அதன்பிறகு பூசை முடிந்து துணியை அவிழ்க்கும்வரை அவரிடமிருந்து ஒரு சத்தமும் வராது.

மணி அடித்து ஓய்ந்ததும் சனமும் வாயை மூடிவிடும். அந்த நேரத்தில் கேட்ட சத்தங்கள் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கின்றன. அலை வந்து விழுகிற சத்தம். கிடுகின் மேல் அணில் ஓடுகிற சத்தம். விரதக்காரர் யாருக்கோ வயிறு இரைகிற சத்தம். கற்பூரம் எரியும்போது மெல்லிய ஒரு சத்தம் உண்டென்பதை நான் அங்கேதான் அறிந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். யப்பான்காரன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்திய காலம். அந்தத் துணிக்குப் பின்னால் பூசாரியார் என்ன சொல்கிறார் என்பதுதான் எனக்கு அந்த நாளையில் பெரிய கேள்வி. அம்மாவிடம் கேட்டேன்.

"கேள்வி கேக்காமல் கும்பிடு" என்றாள்.

ஐயாவிடம் கேட்டேன். ஐயா சைவப் பள்ளிக்கூடத்து வாத்தியார். கணீரென்ற குரல். கடவுளோடு கதைப்பதென்றால் நல்ல தமிழில் உரத்துக் கதைக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. கிணற்றடியில் பதிகம் பாடிக்கொண்டு குளிப்பார். அயல் வீடுகளில் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள்.

"மந்திரம் தெரியாதவை வாயைக் கட்டாமல் வேறை என்ன செய்யிறது?" என்று ஐயா சிரித்தார்.

பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை, உடுவிலில் மிசன் பள்ளிக்கூட விடுதியில் நின்று படித்துக்கொண்டிருந்தாள். அங்கே பொழுதுபட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடிச் சத்தமில்லாமல் செபம் செய்யவேண்டுமாம். விடுமுறையில் வந்தபோது அவளையும் விடவில்லை.

"கண்ணை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளை என்ன சொல்லுவியள் அக்கா?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் எண்டால், இண்டைக்குச் சோத்தோடை என்ன கறி எண்டு யோசிப்பன்."

கடைசியில் துணிந்து பூசாரியாரிடமே போனேன். பூசை முடிந்து, மண்டபத்து ஓரத்தில் குந்தியிருந்து விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெயிலும் உப்புக் காற்றும் பட்டுக் கறுத்த மனிதர்.

"உங்களுக்கு மந்திரம் தெரியாதோ?" என்றேன்.

ஐயாவின் வாய்தான் என் வாயில் கதைக்கிறதென்று அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். ஆனாலும் கோபிக்கவில்லை. "தெரியாது பிள்ளை."

"அப்ப உள்ளுக்குள்ளை என்ன சொல்லுறனீங்கள்?"

தேய்த்த கை நின்றது. "விளக்குக்கு எண்ணெய் காணுமோ எண்டு பாப்பன். காத்து வந்தால் கற்பூரத்துக்குக் கை மறைப்பன். வேறை என்ன... தெரியேல்லையே. இவ்வளவு நாளும் நான் அதை யோசிச்சதில்லை." பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நீ கேட்டுப் போட்டாய். நாளைக்கு எனக்குப் பூசை குழம்பப் போகுது."

குழம்பத்தான் செய்தது. மறுநாள் கற்பூரத் தட்டோடு திரும்பியவர் கூட்டத்துக்குள் என்னைக் கண்டதும் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார். துணிக்கு மேலே கண்கள் மட்டும் சிரித்தன.

இனி மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். மாமி ஐயாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். செவ்வாய்க் குற்றம் என்று வந்த சம்பந்தங்கள் எல்லாம் தட்டிப்போய், வயது முப்பதை நெருங்கிவிட்டது. மாமியின் வாய் ஓய்ந்து நான் கண்டதில்லை. கோழிக்குத் தீன் போட்டால் கோழியோடு கதைப்பாள். அரிசி புடைத்தால் அரிசியோடு கதைப்பாள். "எங்கை ஓடுறாய், உனக்குக் கல்லெண்டு பேர் வைச்சாலும் நீ அரிசிதான்" என்று சுளகிலிருந்து துள்ளி விழுந்த மணிக்குச் சொல்லுவாள். வீட்டில் அவள் குரல் கிணற்றடித் துலாவின் சத்தம் போல. எல்லா நேரமும் கேட்கும், ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள். "ம், ம்" என்றபடி அம்மா தன் வேலையைப் பார்ப்பாள். ஐயா பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திவிடுவார்.

அந்த ஐப்பசி கடைசியில் மாரி மழை பிடித்துக்கொண்டது. கந்தசட்டி வந்தது. ஆறு நாள் விரதம் பிடிக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப்பேர். மாமி வருடா வருடம் பிடிப்பாள். அந்த முறை விரதத்தோடு மௌனமும் சேர்த்து இருக்கப்போகிறேன் என்றாள். அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீரோ? கதையாமலோ?"

"ஓம் மச்சாள். நேர்ந்துபோட்டன்."

"ஒரு நாளைக்கு இருந்து காட்டு பாப்பம்" என்று விறாந்தையிலிருந்து ஐயா சிரித்தார்.

இருந்து காட்டினாள். முதல் நாள் விடியப் பூசாரியாருக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு வாயை மூடியவள்தான். கோழிகள்தான் முதலில் கலங்கின. தீன் போட்ட பிறகும் போகாமல் அவள் காலடியில் நின்று தலையைச் சரித்துப் பார்த்தன. வீடே கூரை போன வீடு மாதிரி இருந்தது. ஐயா இரண்டு தரம் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாமிக்கு வாயாக நான் நியமிக்கப்பட்டேன். பகல் முழுவதும் அவள் கோயில் மண்டபத்தில்தான் இருப்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே ஓடுவேன். அவள் கையை அசைத்தால் அதன் அர்த்தத்தை நான் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். நான் சிலேற்றும் குச்சியும் கொண்டுபோய்க் கொடுத்தபோது அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டாள். கையால் எழுதினாலும் கதைதானே என்று நினைத்திருப்பாள். எனக்கும் ஆசை வந்து ஒருநாள் கதையாமல் இருந்து பார்த்தேன். வாய் மூடின உடனே தலைக்குள் ஒரே சந்தை இரைச்சல். பாட்டு, வாய்பாடு, அக்காவோடு போட்ட சண்டை எல்லாம் ஒன்றாக வந்தன. அன்று பள்ளிக்கூடத்தில் வாய்பாடு கேட்டபோது வாய் திறவாமல் நின்று உள்ளங்கையில் அடி வாங்கினேன். அத்தோடு என் மௌனம் முடிந்தது.

விரதத்தின் நடுவில் எங்கள் ஊர்ப்பக்கத்தவர் ஒருவர், மலாயாக்காரர் என்றுதான் அவரைச் சொல்வார்கள், பெண் பார்க்க வந்தார். அவருக்கும் செவ்வாய்; மனைவி இறந்துபோனவர். மலாயாவில் ஏதோ ஒரு சின்ன ஊரில் ஸ்ரேசன் மாஸ்ரர் உத்தியோகம். லீவில் வந்திருந்தார், மாரி முடியுமுன் கப்பலேற வேண்டும். வெள்ளைக் கோட்டும் சேறு பட்ட சப்பாத்தும் ஈரக் குடையுமாக வந்து கதிரையின் நுனியில் இருந்தார். மாமி கோப்பித் தட்டோடு வந்து நின்றாள்.

"உமக்குக் கடல் பிரயாணம் ஒத்துவருமோ?" என்று கேட்டார்.

மாமி நிலத்தைப் பார்த்தாள்.

"மௌன விரதம்" என்று ஐயா முந்திக்கொண்டார். பிறகு அவரே மாமிக்கும் சேர்த்துக் கதைத்தார். சைவ சமயத்தில் மௌனத்தின் பெருமையைப் பற்றி அரைமணி நேரம் உரத்த குரலில் விளக்கினார். போகும்போது மலாயாக்காரர் ஐயாவிடம் முற்றத்தில் நின்று ஏதோ கேட்டார். "எல்லாம் சொல்லிப்போட்டன். அவவுக்குச் சம்மதம்" என்று ஐயா சொன்னது எனக்குக் கேட்டது. எதைச் சொன்னார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் நாள் சூரன்போரும் முடிந்தது. மறுநாள் பாறணை, விரதக்காரர்கள் சாப்பிட்டு விரதம் முடிக்கிற நாள். மாமி கதைக்கப்போகிறாள் என்று நான் விடிய எழும்பிக் காத்திருந்தேன். குசினியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மாமி பக்கத்தில் வந்து பலகையில் இருந்தாள். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். மாமி பேச வாயெடுக்குமுன் அம்மாதான் கதைக்கத் தொடங்கினாள். துருவலையிலிருந்து கண்ணை எடுக்காமல், யாரோடோ கதைப்பது போல.

"மச்சாள், ஆறு நாளும் உம்மைப் பாத்துக்கொண்டிருந்தன். எனக்கு அந்தப் பிள்ளையின்ரை ஞாபகமாவே கிடக்கு. இவளுக்கு முந்திப் பிறந்தது. அழாமல் பிறந்தது. ஒரு சத்தமும் போடேல்லை. நான் அது நித்திரை எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தன், ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை..."

எனக்கு முன் ஒரு பிள்ளை பிறந்ததென்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அம்மா துருவிக்கொண்டே அழுதாள். மாமி அவளுடைய முழங்காலில் கையை வைத்தாள்.

பாறணைச் சோறு சாப்பிட்டாள். கதைக்கவில்லை. அடுத்த நாளும் கதைக்கவில்லை.

அதற்கடுத்த நாட்களில் என்ன நடந்ததென்றால், சனம் வரத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரி நெருப்புக்குத் தணல் எடுக்க வந்தவள் கொட்டிலடியில் மாமிக்குப் பக்கத்தில் இருந்து, கொழும்புக்குப் போன மகன் ஒரு வரியும் எழுதாததைச் சொன்னாள். தணல் தேங்காய்ச் சிரட்டையிலேயே அணைந்துவிட்டது. கோயில் மண்டபத்தில் மாமி தூணோடு சாய்ந்து இருந்தால் யாராவது ஒருத்தி மெல்ல நகர்ந்து நகர்ந்து வந்து பக்கத்தில் இருப்பாள். தாயோடு கதையாதவள், புருசனுக்குப் பயந்தவள், தன் தமக்கை சாகவேண்டுமென்று ஒருநாள் நினைத்துவிட்டதாகச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள். பெண்கள் மட்டுமல்ல. தவறணையில் கள்ளுக் குடித்துவிட்டு வந்த ஒரு மனிதர் மழைக்கு ஒதுங்கி நின்று, பத்தடி தள்ளி நின்றபடியே தன் செத்துப்போன மாட்டைப் பற்றி மாமிக்குச் சொல்லிவிட்டுப் போனார். என்னை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அந்த வயதில் கேட்கக்கூடாத எவ்வளவோ எனக்குத் தெரியவந்தது அந்த மாரியில்தான்.

வீட்டில் பயம் பிடித்தது. கார்த்திகையும் பாதி போய்விட்டது. கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. பரியாரியார் வந்து நாடி பார்த்துத் தலைக்கு எண்ணெய் கொடுத்தார். வீடு முழுவதும் அந்த எண்ணெயின் கசப்பு மணம். யாரோ வந்து கையில் நூல் கட்டினார்கள். "காத்துக் கறுப்பு" என்றார்கள். "அவளுக்கு அந்த மலாயாக்காரனைப் பிடிக்கேல்லை, அதுதான் பிடிவாதம்" என்றார்கள். விசர், புத்தி பேதலித்துவிட்டது என்றும் சொன்னார்கள்.

"கலியாணப் பதிவுகாரருக்கு முன்னாலை ஓமெண்டு வாய்விட்டுச் சொல்ல வேணும். அங்கையும் இப்பிடி நிண்டால் என்ன செய்யிறது?" என்று ஐயா முற்றத்தில் உலாவினார்.

"பிடிக்கேல்லை எண்டு அவ சொல்லேல்லைத்தானே" என்றாள் அம்மா.

"பிடிச்சிருக்கு எண்டும் சொல்லேல்லையே!"

ஒருநாள் ஐயா என்னையும் கூட்டிக்கொண்டு பூசாரியாரிடம் போனார். அந்தக் கோயில் வாசலுக்கு ஐயா வந்தது அதுதான் முதல் தடவை. சால்வையை இடுப்பில் கட்டாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு நின்றார்.

"உங்கடை சந்நிதானத்திலைதான் நேர்ந்து வாயை மூடினவள். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் திறப்பாள். நேத்தி முடிஞ்சுதெண்டு சொல்லிவிடுங்கோ."

பூசாரியார் கையைப் பிசைந்தார். "வாத்தியார், நான் என்ரை வாயைத்தான் கட்டி அவிழ்க்கிறனான். மற்ற ஆக்களின்ரை வாயை அவிழ்க்க எனக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

"அப்ப உது எப்ப முடியும்?"

"எனக்குத் தெரியாது."

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பனங்கூடலுக்குள் ஒதுங்கி நின்றோம். ஐயா பதிகமும் பாடவில்லை, பூசாரியாரைத் திட்டவும் இல்லை.

அன்று பின்னேரம் நான் குசினிக்குள் அடுப்படியில் இருந்து தலைமயிரைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். மாமி மாவு வறுத்துக்கொண்டிருந்தாள். ஐயா குனிந்து உள்ளே வந்தார். ஐயா குசினிக்குள் வந்து நான் அதற்கு முன் கண்டதில்லை. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, அம்மா காய்கறி அரிகிற சின்னப் பலகையில் காலை மடக்கி இருந்தார்.

"தங்கச்சி" என்றார். குரல் ஐயாவின் குரல் மாதிரியே இல்லை.

"நான் உனக்கு ஒரு விசயத்தை மறைச்சுப் போட்டன். அந்த மனிசனுக்கு முதல்தாரத்துப் பிள்ளை ஒண்டிருக்கு. பெட்டைப்பிள்ளை. ஆறு வயசாம். மலாயாவிலை விட்டிட்டு வந்திருக்கிறார். அவர் அதை முதலே சொன்னவர். உன்னட்டைச் சொல்லச் சொன்னவர். நான்தான் சொல்லேல்லை. சொன்னால் நீ மாட்டன் எண்டிடுவாய், இதுவும் தட்டிப்போகும் எண்டு பயந்துபோனன்." மூக்கை உறிஞ்சினார். "நீ அதை எப்பிடியோ அறிஞ்சுபோட்டாய். அதுதான் வாயைத் திறக்கிறாயில்லை. அப்பிடித்தானே?"

மாமியின் கையிலிருந்த அகப்பை மாவுக்குள் நின்றுவிட்டது. அவளுக்கு அது தெரியாது. அந்த நிமிடம்தான் தெரியும். எனக்கு அது அவளுடைய முதுகைப் பார்த்தே விளங்கியது. ஐயாவுக்கு விளங்கவில்லை. அவர் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாவு கருகுகிற மணம் எழுந்தது. மாமி சட்டியை இறக்கி வைத்தாள். கோப்பி ஊற்றிச் சர்க்கரைத் துண்டோடு அண்ணனுக்கு முன்னால் வைத்தாள். ஐயா குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். எப்போதும் தானே கதைத்து முடிக்கிற மனிதர், ஒரு பதிலுக்காகக் காத்திருந்ததை அன்றுதான் கண்டேன். பிறகு எழுந்து மழைக்குள் இறங்கிப் போனார். மறுநாள் விடிந்ததும், தங்கைக்கு விருப்பமில்லைப் போலிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மலாயாக்காரருக்கு ஆள் அனுப்பினார்.

மலாயாக்காரர் ஆளோடேயே வந்துவிட்டார். பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. மழை விட்டு, கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. விறாந்தையில் அவர் கதிரையில், மாமி கதவு நிலையோடு, மாமியின் வாயாக நான் பக்கத்தில். ஐயா முற்றத்து மாமரத்தின் கீழே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"நான் கோவிச்சுக்கொண்டு வரேல்லை" என்று மலாயாக்காரர் மாமியைப் பார்த்துச் சொன்னார். "சொல்லிப்போட்டுப் போக வந்தனான். என்ரை பிள்ளையாலைதான் உமக்கு விருப்பமில்லையெண்டால் அது ஞாயம்தான். முன்பின் தெரியாத பிள்ளை. ஆரோ பெத்த பிள்ளை."

அவர் போக எழுந்தவர், குடையைப் பிடித்தபடி நின்றுகொண்டே சொல்லத் தொடங்கினார். மற்ற எல்லாரும் சொன்னதுபோலத்தான்.

"தாய் ரெயிலிலைதான் ஆசுப்பத்திரிக்குப் போனவ. பிள்ளை கையைக் காட்டி அனுப்பினது. அவ திரும்பி வரேல்லை. பிள்ளைக்கு நாங்கள் ஒருத்தரும் வடிவாச் சொல்லேல்லை. அது பின்னேரம் பின்னேரம் ஸ்ரேசன் மரவாங்கிலை வந்து இருக்கும். ஒவ்வொரு ரெயிலுக்கும் எழும்பி நிண்டு இறங்கிற ஆக்களைப் பாக்கும். பேந்து திரும்பவும் வாங்கிலை இருக்கும். நான் கொடியைக் காட்டி ரெயிலை அனுப்பிப்போட்டு வந்து பக்கத்திலை இருப்பன். என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியாது. ஒண்டும் சொல்லாமல் இருப்பன்."

கோட்டுப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சரி. நான் போட்டு வாறன்."

"இப்ப ஆரிட்டை விட்டிட்டு வந்தனீங்கள்?"

யார் கேட்டதென்று எனக்கு விளங்கவில்லை. கரகரத்த, கட்டைக் குரல். இருமலுக்கு நடுவில் வந்தது மாதிரி. திரும்பிப் பார்த்தேன். மாமி தொண்டையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

மலாயாக்காரர் குடையை நழுவவிட்டார். "ஆ? பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிட்டை."

"அவவுக்குத் தமிழ் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப பிள்ளை ஆரோடை கதைக்கிறது?"

மாமி விடவில்லை. "அது என்ன சாப்பிடும்? தலை இழுத்துப் பின்னி விடுறது ஆர்? உங்களுக்கு எப்ப கப்பல்?" குசினியிலிருந்து அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஐயா மாமரத்தடியிலிருந்து ஓடிவந்தவர் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார். மேலே ஏறவில்லை. நான் மட்டும் கொஞ்சம் கவலைப்பட்டேன். என் உத்தியோகம் போய்விட்டது.

கலியாணம் வைத்த நாளில் நடந்தது. பதிவுகாரர் கேட்டு முடிக்குமுன்பே மாமி "ஓம்" என்றாள். ஊர்ப் பெண்கள், நேர்ந்த மௌனத்தை ஒரு ஆம்பிளையின் கதைக்காக முறித்தது சரியோ பிழையோ என்று தை பிறக்கும்வரை வாதாடினார்கள். மார்கழிக் குளிரில் மாமி கொழும்பு ரெயிலில் ஏறினாள். ரெயில் நகரும்வரை யன்னலால் தலையை நீட்டிக் கோழிகளைப் பற்றி எனக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு சண்டை வந்தது. மலாயாவை யப்பான்காரன் பிடித்தான். கடிதம் நின்றுபோயிற்று. பல வருடம் மாமி உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ என்றுகூட எங்களுக்குத் தெரியாது. சண்டை முடிந்து, கப்பல்கள் ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் மாமி வந்து இறங்கினாள். வெள்ளைச் சேலை. கூட அவளைவிட உயரமாக ஒரு பிள்ளை. மாமியின் கையை அவள் விடவேயில்லை. ரெயில்பாதை போடுகிறோம் என்று சொல்லி யப்பான்காரர் மலாயா மாமாவைச் சயாம் தேசத்துக் காட்டுப்பக்கம் கொண்டுபோனார்களாம். அந்தப் பாதையால் திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். மாமியும் மகளும் அந்த ஸ்ரேசன் வாங்கில் குந்தியிருந்து ஒவ்வொரு ரெயிலுக்கும் எழும்பிப் பார்த்தார்களாம், சண்டை முடிந்து வெகுநாள் சென்றும்.

அப்போது நான் பெரிய பெட்டையாகிவிட்டேன். ஆனாலும் கேள்வி கேட்கிற குணம் போகவில்லை. ஒருநாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"மாமி, அந்த முறை சூரன்போர் முடிஞ்சாப் பிறகும் ஏன் கதைக்காமல் இருந்தனீங்கள்? கலியாணம் விருப்பமில்லாமலோ?"

மாமி உடுப்பைப் பிழிந்தபடி சிரித்தாள். வந்த பிறகு அவள் சிரித்து அப்போதுதான் கண்டேன்.

"விசரே! நான் பாறணை அண்டைக்குக் காலமை கதைக்கத்தான் குசினிக்கு வந்தனான். அதுக்குள்ளை கொம்மா அந்தச் செத்த பிள்ளையின்ரை கதையைத் தொடங்கியிட்டா. அதுக்கு நடுவிலை நான் என்னத்தைக் கதைக்கிறது? முடியட்டும் எண்டு இருந்தன். அவ முடிக்கப் பக்கத்து வீட்டுக்காரி வந்தா. அவ போக இன்னொராள். அதுவரைக்கும் நான் எத்தினை வருசம் இந்த வீட்டிலை கதைச்சுக்கொண்டு திரிஞ்சன், ஒருத்தர் ஒரு சொல்லு எனக்குச் சொன்னதில்லை. வாயை மூடினாப் பிறகுதான் எனக்குச் சனம் வந்தது. எனக்கும் அது பிடிச்சுப்போச்சு, பொய் சொல்லக்கூடாது."

"அப்ப நேத்தியில்லையோ? நாங்கள் எல்லாரும் என்னென்னவோ நினைச்சம்!"

"நேத்தி ஆறு நாளைக்குத்தான். மிச்சத்தை முருகன் தந்தானோ, கொம்மா தந்தாவோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது."

எனக்கும் தெரியாது. இந்த வயதிலும் இதை யோசிப்பதுண்டு. பயம், பிடிவாதம், பேய், விசர் என்று பெரியவர்கள் அன்று எல்லாவற்றையும் நினைத்தார்கள். ஒரு பெண் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. சொல்லுவதற்கு எல்லாருமே அவளிடம் போய் வந்திருந்தும் தோன்றவில்லை.

அந்த வருடம் கந்தசட்டிக்கு மாமி விரதம் பிடிக்கவில்லை. சூரன்போர் நாளன்று மட்டும் மகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக் கோயிலுக்குப் போனாள். பழைய பூசாரியாரின் மகன் வாயைக் கட்டிக்கொண்டு நின்றான். மணி ஓய்ந்தது. சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. எல்லார் உதடும் சத்தமில்லாமல் அசைந்தன. கேட்பவர்கள், முறையிடுபவர்கள், அழுபவர்கள். துணி அவிழ்ந்தது; திருநீறு வாங்கிக்கொண்டு எல்லாரும் கலைந்தார்கள். மாமி மட்டும் கையைக்கூடக் கூப்பாமல் வேலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"மாமி, பூசை முடிஞ்சுது. மழை வரப்போகுது, வாங்கோ" என்று நான் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியாலை நில்லு" என்றாள் மெல்ல. "எல்லாரும் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டுப் போயிட்டினம். இப்பதான் முருகன் தனிய நிக்கிறான். நான் கொஞ்ச நேரம் பக்கத்திலை நிண்டிட்டு வாறன்."

நாங்கள் இருவரும் மண்டபத்துக்கு வெளியே வந்து ஈர மணலில் நின்றோம். மழை தூறத் தொடங்கியது. மாமியைக் கூப்பிட எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.